கிறிஸ்துமஸ் மரத்தில் குடியேறும் மீன்கள்! கென்டக்கி ஏரிக்கு அடியில் ஒரு ரகசிய ஊர்

கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம் அமெரிக்க வீடுகளில் ஒரு சின்ன சோகம் நடக்கும். சில வாரங்களாகக் கூடத்தில் கம்பீரமாக நின்ற மரத்திலிருந்து விளக்குச் சரத்தைக் கழற்றுவார்கள். நட்சத்திரம் பெட்டிக்குள் போகும். பொங்கல் முடிந்ததும் நம் வீட்டு வாசலில் வாடிக் கிடக்கும் கரும்புத் தோகையைப் போல, அந்த மரமும் வாசலுக்கு வந்துவிடும்.

கென்டக்கி மாநிலத்தில் அந்த மரங்களில் சில குப்பைக்குப் போவதில்லை. ஏரிக்குப் போகின்றன!

மாநிலத்தின் மீன், வனவிலங்குத் துறை ‘கிறிஸ்துமஸ் ஃபார் த ஃபிஷஸ்’ என்ற பெயரில் இந்த மரங்களைச் சேகரிக்கிறது. ஒரே நிபந்தனைதான். நிஜ மரமாக இருக்க வேண்டும். மின்விளக்கு, ஜிகினா, அலங்காரம் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. சேர்ந்த மரங்களில் கனமான கற்களைக் கட்டி, மாநிலத்தின் ஏரிகளில் இறக்கிவிடுகிறார்கள். டிசம்பரில் குழந்தைகள் பரிசுப்பொட்டலம் தேடிய கிளைகளுக்கு நடுவே கோடைக்காலத்தில் மீன்கள் ஒளிந்து விளையாடும்.

மீனுக்கு எதற்கு மரம்? ஏரியில் இல்லாத இடமா? இந்தக் கேள்விக்கு பதில் தெரிய வேண்டுமென்றால், அந்த மாநிலத்தின் பெயரையே தாங்கியிருக்கும் கென்டக்கி ஏரிக்குப் போக வேண்டும்.

சென்னையைவிடப் பெரிய ஏரி

கென்டக்கி, டென்னசி என இரண்டு மாநிலங்களில் நீண்டு கிடக்கிறது இந்த ஏரி. நீளம் 184 மைல், அதாவது கிட்டத்தட்ட 296 கிலோமீட்டர். பரப்பளவு 1,60,300 ஏக்கர். பெருநகர சென்னை மாநகராட்சி முழுவதையும் உள்ளே வைத்தாலும் இன்னும் அதில் பாதி அளவுக்கு இடம் மிச்சமிருக்கும். கரையோரத்தின் நீளம் மட்டும் 2,000 மைலுக்கு மேல். விரித்த விரல்களைப் போல நூற்றுக்கணக்கான சிறு வளைகுடாக்கள். ஜொனாதன் கிரீக், பிளட் ரிவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கதை.

நாஷ்வில் நகரத்திலிருந்து காரில் கிளம்பினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். பெரிய மலை கிடையாது, அருவி கிடையாது. ஓக் மரக் காடுகள், படகுத்துறைகள், சிறு ஊர்கள், தூண்டில் கடைகள். அந்தக் கடைகளின் சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படங்களில் அதிகம் சிரித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு மீனைப் பிடித்தவர்கள்தான். அந்த மீனின் பெயர், கிராப்பி.

ஆனால், மீன் கதைக்கு முன்னால் ஏரியின் கதை.

வீடுகளும் கல்லறைகளும் இடம்பெயர்ந்தன

கென்டக்கி ஏரி இயற்கையானதல்ல. டென்னசி ஆற்றைத் தடுத்துக் கட்டிய அணையால் உருவான நீர்த்தேக்கம். 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் தொடங்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம்தான் இதைக் கட்டியது. இந்தியாவில் 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தொடங்கியபோது முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது இதே அமைப்பைத்தான்.

1937 ஜனவரியில் ஒஹையோ ஆறு பெருக்கெடுத்து, அருகிலிருக்கும் பதூக்கா நகரத்தை மூழ்கடித்தது. வெள்ளத்தைத் தடுக்க வேண்டும், மின்சாரம் வேண்டும், கப்பல் போக வேண்டும். மூன்றுக்கும் பதிலாக 1938-ல் அணை வேலை தொடங்கியது. 1944-ல் முடிந்தது.

அதற்கு மக்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. 2,600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. சுமார் 3,400 கல்லறைகளைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள். பர்மிங்காம் என்ற ஆற்றங்கரை ஊர் அப்படியே தண்ணீருக்குள் போனது. டென்னசிப் பக்கத்தில் டான்வில் என்ற இடத்தில், பழைய தானியக் கிடங்குக் கட்டடம் ஒன்று இன்றைக்கும் ஏரி நடுவே தனியாக நின்றுகொண்டிருக்கிறது.

மேட்டூர் அணையில் தண்ணீர் குறையும்போது பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தி சிலையையும் தேவாலயக் கோபுரத்தையும் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஒவ்வொரு பெரிய அணைக்கு அடியிலும் யாரோ சிலரின் ஊர் இருக்கிறது.

ஊர் மட்டுமல்ல, காடும் போனது. தண்ணீர் நிரம்புவதற்கு முன் 48,000 ஏக்கருக்கும் அதிகமான காட்டை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். படகுகளுக்கு இடைஞ்சல் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அடிமரக் கட்டைகள் மட்டும் அங்கங்கே மிஞ்சின. அந்தக் கட்டைகளையும் புதர்களையும் நம்பித்தான் ஆரம்ப காலத்தில் மீன்கள் வாழ்ந்தன. 10, 20, 30 ஆண்டுகள் ஓடின. தண்ணீருக்கடியில் கட்டைகள் மெல்ல உளுத்துக் கரைந்தன. வண்டல் படிந்து மேடுபள்ளங்கள் மூடின. பார்வைக்கு அழகான ஏரியின் அடித்தளம், பல இடங்களில் வெறும் சேற்றுத் தரையாகிவிட்டது.

ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லாத பெரிய மண்டபம். அங்கே கிராப்பி என்ன செய்யும்?

நிழல் தேடும் மீன்

கிராப்பி, வட அமெரிக்காவுக்கே உரிய மீன். வெள்ளை, கறுப்பு என இரண்டு வகை. கைவிரித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவிலிருந்து ஒன்றரை அடி வரை வளரும். பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான் கிடைக்கும். ஒரு கிலோவைத் தொட்டால் அன்றைக்கு ஊருக்கே போட்டோ போகும். வெள்ளைக் கிராப்பியின் உலக சாதனை 5 பவுண்டு 3 அவுன்ஸ். 1957-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிடிபட்டது.

இதன் வாய் காகிதம் போல மெல்லியது. தூண்டிலை வேகமாகச் சுண்டினால் கிழிந்து மீன் தப்பிவிடும். அதனால் இதைப் பிடிக்கப் பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். பேரனுக்கு முதன்முதலாகத் தூண்டில் பிடிக்கக் கற்றுத்தரும் அமெரிக்கத் தாத்தாக்கள் பலர் கிராப்பியிலிருந்து தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் ருசி. முள் அதிகம் தொந்தரவு செய்யாத வெள்ளைச் சதை. மக்காச்சோள மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்து, முட்டைக்கோஸ் சாலட்டோடு வைத்தால் தட்டு காலியாகிவிடும். லூசியானாவில் பிரெஞ்சு பேசுபவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘சாக் ஆ லே’. ‘பால் பை’ என்று அர்த்தம்.

கிராப்பிக்குத் திறந்தவெளி என்றால் அவ்வளவு பிடிக்காது. ஒரு கிளை, ஒரு கம்பம், ஒரு படகுத்துறையின் கால், ஏதாவது ஒன்றின் நிழலில் கூட்டமாக நிற்கும். இருட்டில் நின்றுகொண்டு வெளிச்சத்தில் போகும் சிறுமீன்களைப் பார்ப்பது சுலபம். பெரிய மீன்கள் துரத்தினால் நுழைந்து ஒளிவதும் சுலபம்.

இதைப் புரிந்துகொண்ட மீனவர்கள்தான் கரைந்துபோன மரங்களுக்குப் பதிலாகத் தாங்களே வீடு கட்டத் தொடங்கினார்கள்.

சேற்றில் நடக்கும் கிருகப்பிரவேசம்

கென்டக்கி ஏரியின் நீர்மட்டம் வருடம் முழுக்க ஒரே அளவில் இருக்காது. கோடையில் கடல் மட்டத்திலிருந்து 359 அடி. வெள்ளநீரைப் பிடித்துவைக்க இடம் வேண்டும் என்பதால், குளிர்காலத்துக்குள் அதை 354 அடிக்குக் குறைத்துவிடுவார்கள். ஐந்தே அடிதான். ஆனால், சமதளமான கரையில் அந்த ஐந்தடி பல ஏக்கர் சேற்றுத் தரையை வெளியே கொண்டுவந்துவிடும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு அதுதான் சீசன். மழைக்கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குவார்கள். பழைய முறை, ‘ஸ்டேக் பெட்’. தக்காளிச் செடிக்கு ஊன்றுவோமே, அதுபோன்ற மரக் குச்சிகளை வரிசையாகத் தரையில் அடிப்பது. சேற்றில் இறங்க முடியாதவர்கள், சரக்கு ஏற்றும் மரப் பேலட்டின் மேல் குச்சிகளை ஆணியடித்து, கீழே ஹாலோ பிளாக் கற்களைக் கட்டி, படகிலிருந்து இறக்குவார்கள். இன்னும் சிலர் பெயின்ட் வாளியில் சிமென்ட் கலவையை ஊற்றி, அது இறுகுவதற்குள் நாலைந்து மூங்கிலைச் செருகிவிடுவார்கள். மறுநாள் பார்த்தால் பூச்செண்டு மாதிரி இருக்கும். அதை அப்படியே தண்ணீரில் விட வேண்டியதுதான்.

வெட்டிய மரக்கிளைகளைக் கட்டாகக் கட்டிப் போடுவது இன்னொரு முறை. ஓக் போன்ற கடின மரம் பல ஆண்டுகள் தாங்கும். கிறிஸ்துமஸ் மரம் சீக்கிரம் உதிர்ந்துவிடும். கனத்த கிளைகள் மட்டும் சில காலம் நிற்கும். எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும் மரம்தான் நீண்ட நாள் உழைக்கும். குளிர்காலத்தில் வெளியே தெரிந்து காய்ந்து, மறுபடி நனையும் மரம் சீக்கிரம் உளுத்துவிடும். அதனால் இப்போது பிவிசி பைப்பும் பயன்படுகிறது. அழுகாது. தூண்டில் முள்ளும் மரத்தில் சிக்குவதைப் போல அதில் எளிதில் சிக்காது. ஆனால், வழவழப்பான பைப்பைவிட சொரசொரப்பான மரத்தில்தான் பாசி சீக்கிரம் பிடிக்கும் என்று மரத்தின் பக்கம் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

பாசிதான் இதில் முக்கியம். குச்சியைப் போட்டதும் அதன்மேல் வழுவழுவென்று பாசி படரும். அதைத் தின்னப் பூச்சிகளின் புழுக்கள் வரும். புழுக்களைத் தேடிச் சிறுமீன்கள் வரும். சிறுமீன்களைத் தேடிக் கிராப்பி வரும். ஒரு டீக்கடை வந்ததும் பக்கத்தில் பஞ்சர் கடை, பெட்டிக்கடை என்று ஜங்ஷன் உருவாகுமே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

எந்த ஆழத்தில் போடுவது என்பதில்தான் அனுபவம் பேசும். வசந்த காலத்தில் தண்ணீர் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்போது, கிராப்பி முட்டையிட ஆழம் குறைந்த இடத்துக்கு வரும். குளிர்காலத்தில் காய்ந்து கிடந்த அதே கரைச் சேறு, ஏப்ரலில் தண்ணீர் ஏறும்போது பிரசவ வார்டாகிவிடும். ஆண் மீன், உடல் கறுத்து, முட்டைகளுக்குக் காவல் நிற்கும். காட்டோரம் டாக்வுட் மரம் வெள்ளையாகப் பூத்தால் கிராப்பி கரைக்கு வந்துவிட்டது என்பது அந்தப் பக்கத்து ஊர்களில் சொல்லும் கணக்கு. கோடையில் அவை மறுபடி ஆழத்துக்குப் போய்விடும். அதற்கென்று ஆழத்தில் தனி வீடு வேண்டும். ஆனால், ரொம்ப ஆழத்திலும் பயனில்லை. பல ஏரிகளில் கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது. அங்கே மாளிகையே கட்டினாலும் குடிவர ஆளிருக்காது.

நம் கடற்கரை மீனவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாததல்ல. கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்தை ‘பார்’ என்பார்கள். பாரில்தான் மீன் நிற்கும் என்பது தலைமுறை அறிவு. தமிழகக் கடலோரத்தில் கான்கிரீட்டால் ஆன செயற்கைப் பார்களை இறக்கியிருப்பதும் அதனால்தான். கடலில் கான்கிரீட், ஏரியில் கிறிஸ்துமஸ் மரம். தத்துவம் ஒன்றுதான்.

தாத்தாவின் ரகசியம்

கஷ்டப்பட்டு வீடு கட்டியாயிற்று. அது யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் சுவாரஸ்யமே. ஏரி பொதுச்சொத்து. யார் போட்ட குச்சியிலும் யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். அதனால், போட்ட இடத்தைச் சொல்லாமல் இருப்பது மட்டும்தான் ஒரே பூட்டு. கரையில் தெரியும் ஒரு மரம், எதிர்க்கரையில் ஒரு வீட்டுப் புகைக்கூண்டு, இரண்டையும் மனசுக்குள் கோடு போட்டு இணைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது அந்தக் கால முறை. நம் கட்டுமரக்காரர்கள் கரையிலிருக்கும் கோபுரத்தையும் பனைமரத்தையும் வைத்துக் கடலில் இடம் பார்த்ததைப் போலவே. அப்பா மகனுக்குச் சொல்வார். சில நேரம் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு.

அரசுத் துறை இதற்கு நேர்எதிர் வழியில் போனது. தான் இறக்கிய செயற்கைப் புகலிடங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடத்தோடு இணையத்தில் வெளியிட்டுவிட்டது. அட்சரேகை, தீர்க்கரேகை உட்பட. சொந்தப் படகும் விலையுயர்ந்த கருவியும் இல்லாதவர்களுக்கும், விடுமுறைக்கு ஒருநாள் வந்து போகும் குடும்பத்துக்கும் மீன் கிடைக்க வேண்டுமே என்பதுதான் இதன் நியாயம்.

தனியார் நினைத்த இடத்தில் நினைத்ததைப் போட்டுவிடவும் முடியாது. படகுகளுக்குத் தடையாகலாம் என்பதால், பள்ளத்தாக்கு ஆணையத்தின் அனுமதி வேண்டும். மிதக்கக்கூடிய எதுவாக இருந்தாலும் நகராதபடி கட்டி நிறுத்த வேண்டும். ஏனென்றால், கட்டு அவிழ்ந்து மிதக்கும் ஒரு கட்டை, வேகமாக வரும் படகில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மீனுக்கு வீடு என்ற பெயரில் பழைய டயரையும் சாமானையும் ஏரியில் தள்ளுவது வீடு கட்டுவதல்ல, குப்பை கொட்டுவது.

இப்போது ரகசியத்துக்கு இன்னொரு எதிரியும் வந்துவிட்டது. படகின் முன்னால் இருக்கும் மீனை, டிவி பார்ப்பதுபோல நேரலையாகத் திரையில் காட்டும் சோனார் கருவிகள். 2018-ல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் வந்த பிறகு இது வேகமாகப் பரவியது. தாத்தா 30 வருடம் பொத்திவைத்த இடத்தை, முதல்முறை வரும் ஒருவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். மரத்தடியில் எத்தனை மீன் நிற்கிறது என்று எண்ணிக்கூடச் சொல்லிவிடலாம்.

கூட்டுகிறதா, பெருக்குகிறதா?

இதில்தான் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. நிபுணர்கள் நீண்ட காலமாக விவாதிக்கும் கேள்வி. செயற்கை வீடுகள் மீன்களின் எண்ணிக்கையைப் பெருக்குகின்றனவா அல்லது ஏரியில் சிதறிக் கிடக்கும் மீன்களை ஓரிடத்தில் கூட்டித்தான் தருகின்றனவா?

முட்டையிடவும் குஞ்சுகள் ஒளியவும் இடமில்லாத ஏரியில் அது பெருக்கவும் உதவலாம். ஆனால், பல இடங்களில் அது செய்வது கூட்டும் வேலையைத்தான். இவற்றுக்கு ‘ஃபிஷ் அட்ராக்டர்’, அதாவது மீனை ஈர்க்கும் அமைப்பு என்று பெயர் வந்ததும் அதனால்தான். சந்தையில் கூட்டம் அதிகமாகத் தெரிவதால் ஊரின் ஜனத்தொகை கூடிவிட்டது என்று சொல்ல முடியாதல்லவா? கூட்டி வைத்த மீனைக் கணக்கில்லாமல் அள்ளினால், வீடு கட்டியதே வீடு காலியாவதற்கு வழியாகிவிடும். அதனால்தான் இத்தனை அங்குலத்துக்குக் குறைவான மீனை மறுபடி தண்ணீரில் விட வேண்டும், ஒரு நாளைக்கு ஒருவர் இத்தனைதான் எடுக்கலாம் என்ற விதிகளும் கூடவே இருக்கின்றன. குச்சி அடிப்பது பாதி வேலை. போதும் என்று தூண்டிலைச் சுருட்டுவது மீதிப் பாதி.

குச்சியால் தீராத பிரச்னைகளும் உண்டு. நம் ஊர்ப் பண்ணைக் குட்டைகளில் விரும்பி வளர்க்கும் வெள்ளிக்கெண்டை, அங்கே அழையா விருந்தாளி. ஆசியாவிலிருந்து கொண்டுபோன மீன், ஆறுகள் வழியாகப் பரவி இந்த ஏரிக்கும் வந்துவிட்டது. குட்டி மீன்களுக்குத் தேவையான நுண்ணுயிர்களை இது வடிகட்டித் தின்றுவிடுகிறது. பக்கத்திலிருக்கும் பார்க்லி அணையின் கப்பல் வாசலில் இதைத் தடுக்க 2019-ல் ஒலியும் குமிழிகளும் சேர்ந்த நீரடி வேலி ஒன்றைச் சோதனையாக அமைத்தார்கள்.

போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோர், விடுமுறைக்கு இந்தப் பக்கம் போனால் ஏப்ரல் நல்ல மாதம். டாக்வுட் பூத்திருக்கும், குளிர் குறைந்திருக்கும், கிராப்பி கரையோரம் இருக்கும். தூண்டில் போட உரிமம் கட்டாயம். ஏரி இரண்டு மாநிலங்களுக்குப் பொது என்பதால், எந்தப் பகுதியில் தூண்டில் போடுகிறோம், அங்கே எந்த மாநிலத்தின் உரிமம் செல்லும் என்று பார்த்து வாங்க வேண்டும். இணையத்திலேயே வாங்கலாம்.

தூண்டிலில் ஆர்வம் இல்லாதவர்களுக்கு ‘லேண்ட் பிட்வீன் த லேக்ஸ்’ இருக்கிறது. கென்டக்கி ஏரிக்கும் பார்க்லி ஏரிக்கும் நடுவே நீளும் காடு. வேலியிட்ட 700 ஏக்கர் புல்வெளியில் காட்டெருமைகளையும் எல்க் மான்களையும் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அந்தக் காட்டுப் பாதைகளில் நடந்தால் அங்கங்கே சின்னச் சின்னக் கல்லறைத் தோட்டங்கள் கண்ணில் படும். 1960-களில் இந்த நிலத்தையும் அரசு எடுத்துக்கொண்டபோது வெளியேறிய குடும்பங்களின் முன்னோர்கள் அங்கே உறங்குகிறார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வந்து பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அணை 1944-லேயே முடிந்துவிட்டது. ஏரியின் வேலை முடியவில்லை. இலையுதிர் காலம் வந்ததும் தண்ணீர் மெல்ல இறங்கும். சேற்றுத் தரை வெளியே வரும். ரப்பர் பூட்ஸ் போட்ட சிலர் கையில் சுத்தியலோடு இறங்கி, போன வருடம் அடித்த குச்சிகளில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணுவார்கள். விழுந்துபோன ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புதிதாக ஒன்றை அடித்துவிட்டு, இருட்டுவதற்குள் கரையேறுவார்கள்.